நோய்நிலை உணர்த்தல்

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமான 'மருந்து' பாடத்திட்டத்தில் இருக்கும் ஆண்டுகளில், அதன் கடைசிக் குறளுக்கு வகுப்பில் நேரம் மிஞ்சுவதே இல்லை. அளவறிந்து உண்பது பற்றியும் நோயின் காரணத்தைத் தேடுவது பற்றியும் பேசி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். கடைசிக் குறளான 950 வெறும் பட்டியல்தானே என்ற எண்ணமும் ஆசிரியர்களுக்கு உண்டு. நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறது அந்தக் குறள். பரிமேலழகர் அந்த நான்கையும் நந்நான்காகப் பிரித்துப் பதினாறாக்கிக் காட்டுவார். மாணவிகள் அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்வார்கள்.

நான் அந்தப் பதினாறை வேறொரு தேவைக்காக எடுத்துப் படித்தேன். ஒன்றரை வயதில் வந்த போலியோவால் இடதுகாலில் காலிபர் போட்டு நடக்கிறவள் நான். நாற்பதைத் தாண்டியபின் மருத்துவமனைகளுக்குப் போவது கூடியது. ஒவ்வொரு முறையும் முந்தின இரவு உட்கார்ந்து ஒரு தாள் எழுதுவது வழக்கமாயிற்று. நாளை டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும், எதை முதலில் சொல்ல வேண்டும், எதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்தத் தாளுக்கு நம் மரபில் பெயர் இருக்கிறதா என்று தேடியபோது பரிமேலழகரிடம் கிடைத்தது. நோயாளிக்கு அவர் சொல்லும் நான்கில் ஒன்று, நோய்நிலை உணர்த்தல்.

மற்ற மூன்றும் பொருள் உடைமை, மருத்துவன் சொன்னபடி நடத்தல், மருந்தின் துன்பத்தைப் பொறுத்தல். பணம் கட்டு, சொன்னதைக் கேள், வலியைப் பொறு என்ற அந்த மூன்றையும் எந்த மருத்துவமனையும் இன்றுவரை நம்மிடம் வற்புறுத்தாமல் விட்டதில்லை. நான்காவதை மட்டும் யாரும் கேட்பதில்லை. வடமொழி மருத்துவ நூல்களோடு ஒப்பிட்டால் இன்னொரு செய்தியும் தெரியும். சரகர் நோயாளியின் குணங்களைச் சொல்லும்போது முதலில் வைப்பது நினைவாற்றலை. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில் நினைவாற்றல் போய், அந்த இடத்தில் செல்வம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பரிமேலழகரின் பட்டியல் வாக்படருடையதோடு ஒத்துப்போகிறது. ஆனால் நோயை எடுத்துச் சொல்வது நோயாளியின் வேலை என்பதை மூவரில் ஒருவரும் விட்டுவிடவில்லை.

பெண்ணுக்கு, அதிலும் மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு, இந்த வேலை கொடுக்கப்படவே இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. குறளின் சொற்களைப் பாருங்கள். உற்றவன், தீர்ப்பான், உழைச்செல்வான் என்று மூன்று பேரும் ஆண்பால். அது பொதுப்பால் வழக்கு என்று இலக்கண ஆசிரியர்கள் விளக்கம் சொல்வார்கள், நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் ஓ.பி. வரிசையில் போய் நின்றால் அந்த ஆண்பால் விகுதி பொதுவானது இல்லை என்று தெரிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனைக்கு எலும்பு மருத்துவரைப் பார்க்கப் போனேன். காரை ஓட்டி வந்தது தம்பி. அவன் என்னைவிட ஆறு வயது சின்னவன், என் கால் எப்போது எப்படி வலிக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. அறைக்குள் நுழைந்ததும் டாக்டர் அவனைப் பார்த்துக் கேட்டார்: "இவங்களுக்கு எப்பருந்து வலி?" தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பதில் சொன்னேன். டாக்டர் அடுத்த கேள்வியையும் அவனிடமே கேட்டார்: "முன்னாடி நல்லா நடப்பாங்களா?" மறுபடியும் நான்தான் சொன்னேன். இப்படியே ஐந்தாறு கேள்வி போயிற்று. எதிரில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி 'நீங்கள்' ஆகாமல் 'இவங்க' ஆகிவிடுகிறாள். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூவிடம் நடத்தும்போது நான் இந்த உதாரணத்தைச் சொல்வதுண்டு. மாணவிகள் சிரிப்பார்கள். பிறகு ஒருத்தி எழுந்து, தன் பாட்டியை டாக்டரிடம் கூட்டிப்போனபோதும் இப்படித்தான் நடந்தது என்பாள்.

சக்கர நாற்காலியில் இருப்பவர், கண் தெரியாதவர், காது கேளாதவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர் என்று யாராக இருந்தாலும், கூட வந்தவரிடம் பேசுவதே வழக்கம். "அட்டெண்டர் யாரு?" என்பதுதான் முதல் கேள்வி. காது கேளாத பெண்ணோடு வந்த அண்ணன் கால்மணி நேரம் டாக்டரோடு பேசுவார். அதையெல்லாம் சேர்த்து அவளுக்கு ஒரு சைகையில், 'ஒன்றுமில்லை, மாத்திரை' என்று முடித்துவிடுவார். அவளுடைய உடம்பைப் பற்றி அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

பெண்ணின் நோயை மற்றவர் வாயால் சொல்ல வைப்பது நமக்குப் புதிதல்ல. அகப்பொருள் இலக்கணம் அதற்கு ஒரு வரிசையே வகுத்திருக்கிறது. தலைவி தன் நிலையைத் தோழிக்குச் சொல்வாள், தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும். அறத்தொடு நிற்றல் என்று அதற்குப் பெயர். நம் இலக்கியத்தில் 'நோய்' என்ற சொல் உடம்பின் பிணியையும் காதலின் துயரையும் ஒன்றாகச் சுமப்பதால் இந்த ஒப்புமை வலிந்து செய்வதாகாது. வெறியாட்டுப் பாடல்களை ஒரு மருத்துவச் சந்திப்பாக வாசித்துப் பார்க்கலாம். மகள் மெலிகிறாள், நிறம் மாறுகிறாள், வளை கழல்கிறது. தாய் கவலைப்பட்டு வேலனை அழைக்கிறாள். வேலன் வந்து பார்த்து, முருகனால் வந்தது என்கிறான். வேலனுக்கு எல்லா நோயும் முருகன்தான், வேறொன்றைச் சொல்ல அவனுக்குப் பயிற்சி இல்லை. நோயுற்றவளிடம் அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை. நற்றிணையில் ஒரு தோழி, தன்னால் வந்த நோய் இல்லை என்று தெரிந்தும் அழைத்த இடத்துக்கு வந்துவிட்ட முருகனையே, நீ கடவுளானாலும் அறிவில்லாதவன்தான் என்று சொல்லிவிடுகிறாள். எனக்கு மிகவும் பிடித்த தோழி அவள்.

எனக்கு வாய்த்த வேலன்கள் இரண்டு வகை. முதல் வகையினருக்கு எல்லாமே போலியோ. வயிற்றில் வலி என்று போனாலும், தலைசுற்றல் என்று போனாலும், கண் காலிபரில்தான் போய் நிற்கும். "இந்தக் காலோட இருந்தா இதெல்லாம் வரும்ல" என்பார்கள். குறைபாட்டின் நிழல் மற்ற நோய்கள் மேல் விழுந்து அவற்றை மறைத்துவிடுவதைப் பற்றி மருத்துவ உலகமே நிறைய எழுதியிருக்கிறது. அதிகமாக அதில் அடிபடுவது அறிவுசார் குறைபாடும் மனநலச் சிக்கலும் உள்ளவர்கள். வயிற்று வலியில் கத்துகிற பெண்ணை, 'இவள் எப்போதும் இப்படித்தான்' என்று அனுப்பிவிடுவார்கள்.

இரண்டாம் வகையினர் போலியோவைப் பார்த்ததே இல்லாதவர்கள். இது அவர்கள் குற்றமில்லை. இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸ் கடைசியாக ஒரு குழந்தையைத் தாக்கியது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹௌராவில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்று வந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அதோடு, போலியோ என்றால் முடிந்துபோன நோய் என்ற எண்ணமும் வந்துவிட்டது. முப்பது வயதுக்குட்பட்ட டாக்டருக்கு நாங்கள் பாடப்புத்தகத்தின் ஒரு பத்தி. அந்த நோயோடு வளர்ந்த நாங்களோ இப்போதுதான் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் நடந்துகொண்டிருக்கிறோம்.

இங்கேதான் நோய்நிலை உணர்த்தல் ஒரு மரியாதைப் பேச்சாக இல்லாமல் உயிர்ப்பிரச்சினையாக மாறுகிறது. போலியோ வந்து பல பத்தாண்டுகள் நிலையாக இருந்த உடம்பில் திடீரெனப் புது பலவீனம், அசதி, மூட்டுவலி, குளிர் தாங்காமை ஆகியவை வரலாம். போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்கிறார்கள். சிறுவயதில் இறந்துபோன நரம்புச் செல்களின் வேலையை மிச்சமிருந்த செல்கள் கிளைவிட்டு எடுத்துக்கொண்டன, நாற்பது வருடம் இரட்டை வேலை பார்த்துவிட்டு அவை இப்போது ஓய்கின்றன என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். (அரசுக் கல்லூரியில் ஆள் போடாமல் இருக்கிற ஆட்களை வைத்தே நடத்துவதைப்போல என்று என் தோழி ஒருத்தி சொன்னாள்.) இதைக் கண்டுபிடிக்கத் தனியான ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மற்ற நோய்கள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நோயாளி சொல்லும் வரலாற்றை வைத்தே முடிவுக்கு வர வேண்டும். அதாவது அவள் சொல்வதுதான் சான்று. அவளைப் பேச விடவில்லை என்றால் இந்த நோயே இல்லை. 'வயசாகுதுல்ல', 'வெயிட்டைக் குறைங்க', 'மெனோபாஸா இருக்கும்', 'தினமும் நல்லா நடங்க' என்ற சொற்கள்தான் மிஞ்சும். களைத்த தசையை அளவுக்குமீறி வேலை வாங்கினால் அது இன்னும் மோசமாகலாம் என்பதால் அந்தக் கடைசி அறிவுரை எங்களுக்கு ஆபத்தானதும்கூட.

ஆகவே தாள். ஒரே பக்கம். இரண்டு பக்கம் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். மேலே பெயர், வயது, 'போலியோ, இடதுகால், ஒன்றரை வயதில்'. அடுத்த வரியிலேயே, 'இன்று வந்த காரணம்'. இந்த வரியைத்தான் நான் அதிக நேரம் எடுத்து எழுதுகிறேன். கால் தொடர்பில்லாத காரணமென்றால் 'காலைப் பற்றி வரவில்லை' என்று அடிக்கோடிட்டே எழுதுவேன். பிறகு, ஒரு வருடம் முன்னால் எவ்வளவு தூரம் நிற்காமல் நடந்தேன், இப்போது எவ்வளவு. கல்லூரி வாசலிலிருந்து தமிழ்த்துறை வரை ஒரே மூச்சில் போய்க்கொண்டிருந்தவள் இப்போது நூலகத் திண்ணையில் உட்கார்ந்து போகிறேன் என்பது, 'ரொம்ப முடியலை டாக்டர்' என்பதைவிடப் பயன்படும். சாப்பிடும் மாத்திரைகள். அறுவை சிகிச்சை என்ற பேச்சு வந்தால், மயக்க மருந்து கொடுப்பவரிடம் போலியோ வந்ததை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற குறிப்பு. மயக்க மருந்துக்கும் தசையைத் தளர்த்தும் மருந்துக்கும் எங்களில் சிலருடைய உடம்பு கூடுதலாக ஆட்பட்டுவிடும், மூச்சையும் கவனிக்க வேண்டியிருக்கும். எடை பார்க்கும்போது காலிபரைக் கழற்ற முடியாவிட்டால் அதன் எடையைக் கழித்து எழுதச் சொல்லும் வரி. கடைசியில் என் மூன்று கேள்விகள்.

வலிக்கு மட்டும் தாளில் தனி இடம் உண்டு. தமிழ் படித்தவள் என்பதால் வந்த பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயைப் பற்றி 1926இல் கட்டுரை எழுதிய வர்ஜீனியா வுல்ஃப், ஹாம்லெட்டின் சிந்தனைக்கும் லியரின் சோகத்துக்கும் சொல் வைத்திருக்கும் ஆங்கிலத்தில் தலைவலிக்குச் சொல் இல்லையே என்று வருந்தினார். 1975இல் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் நோயாளிகள் வலியைச் சொல்லப் பயன்படுத்தும் 78 சொற்களைத் தொகுத்து, மெக்கில் வலி வினாநிரல் என்று மருத்துவர்கள் கையில் கொடுத்தார். தமிழில் அப்படித் தொகுக்க உட்கார்ந்தால் நம் அம்மாக்களிடமே பாதி அகராதி கிடைத்துவிடும். நெடுநேரம் நின்றால் கால் கடுக்கும். எலும்புக்குள்ளிருந்து யாரோ துளைபோடுவதுபோல் இருந்தால் குடைச்சல், அது மழை நாளிலும் இரவிலும் வரும். எங்கே வைத்தாலும் காலுக்கு இடம் போதாமல் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் உளைச்சல். நரம்பு வழியாக மின்னல் மாதிரி ஓடினால் சுரீர் என்று இழுக்கும். புண்ணோ வீக்கமோ இருந்தால் விண்விண் என்று தெறிக்கும். தொட்டால் தெரியாமல் போனால் மரத்துப்போதல், தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் மதமதப்பு. களைப்பு தூங்கினால் போய்விடும், அசதி தூங்கி எழுந்தபின்னும் அப்படியே இருக்கும். கடுப்பு என்றால் தசை அதிகமாக உழைத்திருக்கிறது, சுரீர் என்றால் நரம்பைப் பார்க்க வேண்டியிருக்கலாம். இவற்றைப் பிரித்துச் சொல்லும் பெண் நோய்க்குப் பாதி வழி காட்டிவிடுகிறாள். அவ்வளவும் கேஸ் ஷீட்டில் 'லெக் பெயின்' என்ற இரண்டு சொல்லாகும். பிறகு, ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்பார்கள். நான்கு பிள்ளை பெற்று, களையெடுத்து, விறகு சுமந்த பெண் ஒருத்தி இந்தக் கேள்விக்கு 'மூணு இருக்கும்' என்றால் அந்த மூன்றுக்கு என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள்.

தாளை இவ்வளவு புகழ்ந்தபின் அதன்மேல் எனக்கிருக்கும் சந்தேகத்தையும் சொல்ல வேண்டும். 'நன்றாகத் தயாராகிப் போங்கள்' என்பது அறிவுரையாக வரும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. யார் தயாராக வேண்டும்? முனைவர் பட்டம் வாங்கி, இருபது வருடம் மேடையில் பேசி, ஆங்கிலத்தில் நாலு மருத்துவச் சொல் தெரிந்தவள் என்பதால் எனக்கு ஒரு பக்கம் எழுத முடிகிறது. எழுதத் தெரியாதவள் என்ன கொண்டுபோவாள்? அதோடு தாள் எழுதுவது தயாரிப்பில் சின்னப் பகுதிதான். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் தயாரிப்பு, ஏனென்றால் அங்கே கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்காது, தரை ஈரமாக இருக்கும். லிஃப்ட் வேலை செய்கிறதா என்று போன் செய்து கேட்பதும் தயாரிப்பு. என்ன சேலை கட்டுவது என்பதும்கூட. நல்ல பட்டுக்கரைப் புடவையோடு போனால் 'பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க'. கசங்கிய பருத்தியோடு போனால் விலை குறைந்த மாத்திரையும் அவசரப் பேச்சும். இதற்கெல்லாம் போகும் நேரமும் பணமும் யார் கணக்கிலும் வருவதில்லை. வீட்டுவேலையைப்போலத்தான், செய்து முடித்தால் கண்ணில் படாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 25ஆம் பிரிவில், அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டிலும் எல்லாப் பகுதிகளுக்கும் தடையில்லாமல் போக வழி வேண்டும், பார்ப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை வேண்டும் என்று சொல்கிறது. பாலியல், இனப்பெருக்க நலச் சேவை, குறிப்பாக மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கு, என்று தனியாகவும் சொல்கிறது. தயாராக வேண்டியது மருத்துவமனை என்பதைத்தான் இந்தப் பிரிவு சொல்கிறது. ஆட்ரி லார்ட், மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு மார்பை எடுத்தபின், செயற்கை மார்பு வைக்காமல் டாக்டரிடம் போனதை 1980இல் வெளிவந்த தன் புற்றுநோய்க் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நீங்கள் இப்படி வந்தால் இங்கிருப்பவர்களின் மனநிலை கெடும் என்று அங்கிருந்த நர்ஸ் அவரிடம் சொன்னாராம். நோயாளி மற்றவர்களுக்குச் சங்கடம் தராதபடி தன்னைத் தயார்செய்து வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அமெரிக்காவிலும் நம்மூர் ஓ.பி.யிலும் ஒன்றுதான்.

பிறகு ஏன் எழுதுகிறேன்? யார் பேசுகிறார்களோ அவர்களிடம்தான் சம்மதமும் கேட்கப்படுகிறது என்பதால்.

நாற்பத்திரண்டாம் வயதில் எனக்குக் கருப்பையில் நார்க்கட்டி இருப்பது தெரிந்தது. மகப்பேறு மருத்துவரிடம் அண்ணியோடு போயிருந்தேன். "கல்யாணம் ஆயிருச்சா?" என்பது முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு நம்மூர் மருத்துவத்தில் வேறொரு அர்த்தம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். இல்லை என்றேன். அடுத்த கேள்விகளில் பாதி அதோடு உதிர்ந்துபோயின. ஸ்கேனைப் பார்த்துவிட்டு அவர் அண்ணியிடம் சொன்னார்: "எடுத்துடலாம்மா. இவங்களுக்கு அது எதுக்கு? மாசாமாசம் காலோட கஷ்டப்படுறதுக்கு நல்லதுதானே." பேச்சில் கருணைதான் இருந்தது. அண்ணியும் தலையாட்டினார், அவருக்கும் என்மேல் அன்புதான். எடுக்காமல் வேறு வழி இருக்கிறதா, கட்டியின் அளவென்ன, மாத்திரையில் பார்க்கலாமா என்ற என் மூன்று கேள்விகள் தாளில் இருந்தன. தாளை மேஜையில் அவர் முன்னால் வைத்தேன். மேலே, பெரிய எழுத்தில், 'கருப்பை பற்றிய எந்த முடிவையும் என்னிடம் மட்டும் பேசவும்' என்று எழுதியிருந்தது. அவர் படித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "சரி, சொல்லுங்க" என்றார். கருப்பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

'இவங்களுக்கு எதுக்கு' என்ற அந்தக் கருணையின் வரலாறு சின்னதல்ல. 1994 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் ஷிரூரில் இருந்த அரசு விடுதியின் அறிவுசார் குறைபாடுள்ள பெண்களைப் புனேயின் சசூன் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கருப்பை நீக்கம் செய்தார்கள். மாதவிடாயின்போது சுத்தமாக இருக்கத் தெரியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பெண்கள் அமைப்புகள் எதிர்த்த பிறகுதான் அது நின்றது. அந்தப் பெண்களுக்கு அட்டெண்டர் அரசாங்கம். 2009இல் சண்டிகர் அரசு விடுதியில் இருந்த, பாலியல் வன்முறையால் கருவுற்ற ஒரு பெண்ணின் வழக்கில், அவள் கருவைச் சுமக்க விரும்புகிறாள், அவள் சம்மதமில்லாமல் கலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவள் பேசினாள், அது பேச்சாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பத்தாம் பிரிவும், சுதந்திரமாக, தெரிந்து தரும் சம்மதமில்லாமல் மலடாக்கும் சிகிச்சை எதுவும் கூடாது என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 92ஆம் பிரிவைக் கவனமாகப் படியுங்கள். மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வெளிப்படையான சம்மதமில்லாமல் கருவைக் கலைப்பது தண்டனைக்குரியது என்று சொல்லிவிட்டு, கடுமையான குறைபாடு என்றால் மருத்துவரின் கருத்தும் காப்பாளரின் சம்மதமும் போதும் என்று ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. எவ்வளவு குறைபாடு கடுமையானது? அதை முடிவு செய்வதும் காப்பாளரோடு பேசிக்கொண்டிருக்கும் அதே டாக்டர்தான். சட்டத்துக்குள்ளும் முன்னிலை படர்க்கையாகும் இடம் இது.

மீண்டும் குறளின் நான்காம் ஆளுக்கு வருகிறேன். பக்கத்திலிருந்து கவனிப்பவருக்குப் பரிமேலழகர் சொல்பவை நோயாளிமேல் அன்பு, மனத்தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறம், அறிவு. சொன்னதை என்றால் மருத்துவன் சொன்னதை என்றுதான் உரையின் போக்கில் பொருள் கொள்ள வேண்டும். நோயாளி சொன்னதை என்றும் அதைப் படிக்க இடமிருக்கிறது, நான் அப்படித்தான் படிக்கிறேன். கூட ஒருவர் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பேசவே முடியாதவர்கள் இருக்கிறார்கள், பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள், தூக்கி ஏற்ற ஆள் வேண்டியவர்கள் இருக்கிறார்கள். தம்பியும் அண்ணியும் கெட்டவர்களில்லை. அவர்களுக்கு யாரும் அந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது என்னோடு வருவது கல்லூரித் தோழி ஒருத்தி. வீட்டிலிருந்து கிளம்பும்போதே பேசிவைத்துக்கொள்கிறோம். அவள் எனக்குச் சற்றுப் பின்னால் உட்காருவாள், கையில் பேனா இருக்கும், டாக்டர் சொல்வதை எழுதுவாள். அவளிடம் கேள்வி வந்தால், "அவங்களையே கேளுங்க சார்" என்பாள். நான் கேட்க மறந்த கேள்வி இருந்தால் என் முழங்கையைத் தொடுவாள். முருகனையே வைத நற்றிணைத் தோழி அளவுக்கு இன்னும் ஒருநாளும் தேவைப்படவில்லை, தேவைப்பட்டால் செய்வாள்.

கடந்த மாதம் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு நேரம் வாங்க ஒரு மருத்துவமனைக்குப் போன் செய்தேன். தேதி, நேரம், கட்டணம் எல்லாம் ரிசப்ஷனில் இருந்த பெண் சொன்னாள். பரிசோதனை டேபிளின் உயரத்தை இறக்க முடியுமா என்று கேட்டேன். வழக்கமான டேபிளில் ஏற, ஸ்டூல்மேல் காலிபர் காலை வைத்துத் தாவ வேண்டியிருக்கும். எங்களைப்போன்ற பலர் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவதற்கு அந்த ஸ்டூலும் ஒரு காரணம்.

"அப்படி யாரும் கேட்டதில்லையே மேடம்" என்றாள். "லைன்ல இருங்க, சிஸ்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

இரண்டு மூன்று நிமிடம் ஏதோ பக்திப்பாட்டு ஓடியது. பிறகு வந்தாள்.

"மேடம், இறங்குமாம். கீழ பெடல் இருக்காம். பழைய ஃபைல் கட்டெல்லாம் அடுக்கி வெச்சிருந்ததுல தெரியலையாம். எடுத்து வெச்சிடச் சொல்லிட்டேன்."